சிறகும் இரண்டு கால்களும்: வைவர்னைத் தமிழில் எப்படி அழைப்பது?

கூழாங்கல் (தொடக்கப் பதிவு)

அனைவருக்கும் வணக்கம். பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் படிப்பதற்காக இங்கிலாந்து நாட்டு ஊர்க்கதைகள் சிலவற்றைத் தமிழாக்கி வருகிறேன். அவற்றுள் என் மனத்துக்கு மிக நெருக்கமானது, ஹெரஃபோர்டுஷயர் வட்டாரத்தில் லக் ஆறு வை ஆற்றோடு கலக்கும் இடத்தருகே உள்ள மோர்டிஃபோர்டு என்னும் சிற்றூரின் கதை. மாட் என்ற சிறுமி காட்டோரத்தில் ஒரு குட்டியைக் கண்டெடுக்கிறாள். பச்சைப் பசேலென்று, வெள்ளரிக்காய் அளவில், இன்னும் விரியாத சிறகுகளோடு இருக்கும் அதை மடியில் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வருகிறாள். பெற்றோர் பார்த்த மாத்திரத்தில் அது இன்னதென்று தெரிந்துகொண்டு, உடனே கொண்டுபோய் விட்டுவிடச் சொல்கிறார்கள். அவளோ அதைக் காட்டுக்குள் ஒளித்துவைத்து, நாள்தோறும் பால் வார்த்து வளர்க்கிறாள். வளர வளரப் பால் போதாமல் போகிறது. முதலில் ஆடு மாடுகள் காணாமல் போகின்றன, பிறகு மனிதர்கள். ஆனால் மாட் அருகில் வரும்போது மட்டும் அது தலையைத் தாழ்த்திக்கொள்கிறது.

முடிவு பல விதமாகச் சொல்லப்படுகிறது. ஒரு வடிவத்தில் கார்ஸ்டன் குடும்பத்தைச் சேர்ந்த வீரன் ஒருவன் அதைக் கொல்கிறான். இன்னொரு வடிவத்தில், விடுதலை கிடைக்கும் என்ற நம்பிக்கையில் மரண தண்டனைக் கைதி ஒருவன் ஆற்றங்கரையில் ஒரு பீப்பாய்க்குள் ஒளிந்திருந்து, நீர் குடிக்க வந்ததைக் கொல்கிறான். அதன் கடைசி மூச்சின் நஞ்சு அவனையும் கொண்டுபோய்விடுகிறது. அவ்வூர்த் தேவாலயத்தின் மேற்குப் புறச் சுவரில் இந்த உயிரின் உருவம் பெரிதாகத் தீட்டப்பட்டிருந்தது என்பதும், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுவரைச் செப்பனிட்டபோது அது அழிந்துபோனது என்பதும் வரலாறு.

மூலத்தில் அந்த உயிர் 'வைவர்ன்' என்றே குறிப்பிடப்படுகிறது. என் கையெழுத்துப் படியைச் சரிபார்த்தவர் அத்தனை இடங்களிலும் அதை 'டிராகன்' என்று மாற்றி அனுப்பியிருக்கிறார். இரண்டும் ஒன்றுதான், பிள்ளைகளுக்கு டிராகன் என்றால் உடனே புரியும் என்பது அவர் வாதம். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் ஏன் ஒப்பவில்லை என்று அவரிடம் தெளிவாகச் சொல்லவும் எனக்குத் தெரியவில்லை. வைவர்ன் என்பது டிராகனிலிருந்து உண்மையில் வேறுபட்டதா? வேறுபட்டது என்றால் தமிழில் அதற்கு என்ன பெயர் வைக்கலாம்?

செந்தாழை

வணக்கம் அம்மா. இதில் குழப்பத்துக்கே இடமில்லை. நான்கு கால்களும் தனியே இரண்டு சிறகுகளும் இருந்தால் அது டிராகன். இரண்டே கால்களும் இரண்டு சிறகுகளும் இருந்தால் அது வைவர்ன். வைவர்னின் வால் நுனி அம்பு முனைபோல் இருக்கும். பெரும்பாலும் நெருப்பைக் கக்காது, நஞ்சுதான் அதன் ஆயுதம். இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல், அண்மைக்காலத் திரைப்படங்களில் இரண்டு கால்களும் சிறகுகளும் மட்டுமே கொண்ட உருவத்தைக் காட்டிவிட்டு டிராகன் என்று அழைப்பது எனக்கு எப்போதும் வருத்தத்தையே தருகிறது. ஆகவே உங்களைத் திருத்தியவர் செய்தது பிழை. 'வைவர்ன்' என்றே வைத்துக்கொண்டு, முதல் முறை வரும் இடத்தில் 'இரண்டு கால் டிராகன்' என்று விளக்கிவிட்டால் போதும்.

பழுப்பேடு

செந்தாழை சொல்லும் விதி உண்மையானதுதான். ஆனால் அது எங்கே, எப்போது செல்லுபடியாகும் என்பதைச் சேர்த்துச் சொல்லாவிட்டால் பாதி உண்மையாகிவிடும். நான்கு கால் என்றால் டிராகன், இரண்டு கால் என்றால் வைவர்ன் என்பது பிரித்தானியத் தீவுகளின் மரபுச் சின்னவியல் வகுத்துக்கொண்ட பாகுபாடு. கேடயத்தில் என்ன உருவம் வரையப்பட வேண்டும் என்பதைச் சொற்களாலேயே பதிவு செய்யும் கலை அது. ஒருவர் எழுதிவைத்த வரியைப் படித்து, படத்தைப் பார்க்காத இன்னொருவர் அதே சின்னத்தைப் பிழையின்றி வரைய வேண்டும். அதனால் அங்கே கால்களை எண்ணித்தான் ஆக வேண்டும். ஐரோப்பாவின் பிற நாடுகளில் இந்தக் கண்டிப்பு இல்லை; இரண்டு கால் உருவத்தையும் அவர்கள் டிராகன் என்றே எழுதிவந்தார்கள்.

இங்கிலாந்திலும் தொடக்கத்தில் இப்படி இருக்கவில்லை. நடுக்கால ஓவியர்கள் வரைந்த டிராகன்களில் பெரும்பாலானவற்றுக்கு இரண்டு கால்கள்தான். 15, 16ஆம் நூற்றாண்டுகளில் நான்கு கால் வடிவம் சின்னங்களில் மெல்ல நிலைபெற்ற பிறகே, பழைய இரண்டு கால் வடிவத்துக்குத் தனிப்பெயர் தேவைப்பட்டது. வேல்ஸ் நாட்டுக் கொடியில் உள்ள சிவப்பு டிராகன் நான்கு கால்களில் நிற்பது இந்தப் பிற்கால வழக்கையே காட்டுகிறது. அந்தக் கொடிக்கு அரசு ஏற்பு கிடைத்தது 1959இல்தான். 1610இல் வெளிவந்த தம் சின்னவியல் நூலில் ஜான் கிலிம் என்பவர் வைவர்னை விளக்கும்போது, சிறகிலும் காலிலும் அது பறவையைப் போன்றது, வாலில் பாம்பைப் போன்றது என்கிறார். மூன்றாவதாக வேறு ஏதோ ஒன்றின் இனம் என்று அவர் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். பறவையும் பாம்பும் சேர்ந்த ஒன்றாகவே அவர் அதைக் கண்டார்.

இன்னொரு சான்று. 1066ஆம் ஆண்டின் ஹேஸ்டிங்ஸ் போரைச் சித்திரிக்கும் பேயோ திரைச்சீலையை நீங்கள் படங்களில் பார்த்திருப்பீர்கள். ஏறத்தாழ 70 மீட்டர் நீளமுள்ள லினன் துணியில் கம்பளி நூலால் தைத்த பூத்தையல் அது. 'ஹேரால்டு அரசர் இங்கே கொல்லப்பட்டார்' என்ற இலத்தீன் சொற்கள் ஓடும் இடத்தில், கொடி தாங்கி ஒருவன் கழியின் முனையில் ஓர் உருவத்தைத் தூக்கிப் பிடித்திருக்கிறான். சுருண்ட வால், விரிந்த சிறகுகள், முன்னால் இரண்டு கால்கள். அதேபோல் இன்னொன்று தரையில் விழுந்து கிடக்கிறது. பழைய ஆங்கிலேய அரசாகிய வெஸெக்ஸின் அடையாளமான பொன் டிராகன் அது. 752இல் பர்ஃபோர்டில் நடந்த போரிலும் வெஸெக்ஸ் படையின் முன்னால் பொன் டிராகன் கொண்டுசெல்லப்பட்டதாக 12ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் ஹன்டிங்டன் ஹென்றி எழுதியிருக்கிறார். இன்று பலரும் அதை 'வெஸெக்ஸ் வைவர்ன்' என்கிறார்கள். ஆனால் அந்த நாள் எழுத்தில் அது 'டிராகோ' மட்டுமே. அதைத் தைத்த கைகளுக்கு அது வைவர்ன் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இந்தக் கொடியின் மூதாதையும் சுவையானது. உரோமக் குதிரைப் படை 'டிராகோ' என்ற கொடியைத் தாங்கிச் சென்றது. உலோகத்தால் செய்த, வாய் திறந்த தலையின் பின்னால் நீண்ட துணிக்குழாய் ஒன்று வாலாகக் கட்டப்பட்டிருக்கும். குதிரை பாயும்போது வாய்க்குள் புகுந்த காற்று துணியைப் புடைக்கச் செய்து, பாம்பு நெளிவதுபோல் காட்டும். உரோம் நகரில் கி.பி. 113இல் எழுப்பப்பட்ட திராயான் தூணில், உரோமரின் பகைவர்களான டேசிய வீரர்கள் இதே வகைக் கொடியை ஏந்தி நிற்பதைச் செதுக்கியிருக்கிறார்கள். அதற்குக் கால்களே கிடையாது.

மலைத்தேன்

வரலாற்றை எனக்குச் சொல்லத் தெரியாது. நான் விலங்கியல் படித்தவன். ஆனால் வைவர்ன்மீது எனக்குத் தனிப் பற்று உண்டு, அதற்குக் காரணமும் உண்டு. முதுகெலும்புள்ள உயிர்களுள் உண்மையாகச் சிறகடித்துப் பறக்கும் ஆற்றலை மூன்று கூட்டங்கள் மட்டுமே பெற்றன: அழிந்துபோன பறக்கும் ஊர்வனவாகிய டெரோசார்கள், பறவைகள், வௌவால்கள். மூன்றிலும் சிறகாக மாறியது முன்னங்கால்தான். டெரோசார் தன் நான்காம் விரல் ஒன்றை மட்டும் நீட்டி அதில் தோலைக் கட்டிக்கொண்டது. வௌவால் விரல்கள் பலவற்றைக் குடைக்கம்பிபோல் விரித்தது. பறவை விரல்களைச் சுருக்கிக்கொண்டு இறகை நம்பியது. வழி வேறு வேறாக இருந்தாலும், கையை விலையாகக் கொடுத்தே மூன்றும் சிறகை வாங்கின. ஆகவே நான்கு கால்களும் தனிச் சிறகும் கொண்ட டிராகனுக்கு ஆறு உறுப்புகள் வேண்டும். வைவர்னுக்கோ நான்கே போதும். கற்பனை உயிர்களுள் உடற்கூற்றின் கணக்குக்குள் அடங்குவது வைவர்ன்தான்.

அளவிலும் அது நம்ப முடியாதது அல்ல. டெக்சாஸில் 1971இல் கண்டெடுக்கப்பட்ட எலும்புகளிலிருந்து அறியப்பட்ட குவெட்சால்கோட்லஸ் என்ற டெரோசாரின் சிறகு விரிப்பு ஏறத்தாழ 10 மீட்டர். தரையில் அது மடித்த சிறகுகளையும் ஊன்றி நான்கு காலால் நடந்தது. திரைப்படங்களில் சிறகின் மணிக்கட்டை ஊன்றித் தவழ்ந்து வரும் டிராகன்களைப் பார்க்கும்போது எனக்கு இந்த விலங்குதான் நினைவுக்கு வருகிறது.

ஆனால் இதற்கு ஒரு விதிவிலக்கும் உண்டு, அதை நானே என் கண்ணால் பார்த்தேன் என்பதால் சொல்லாமல் விட முடியவில்லை. கடலோரக் கர்நாடகத்தில் ஒரு பாக்குத் தோப்பில் ஒரு முற்பகல் முழுவதும் காத்திருந்தேன். மரத்தோடு மரமாக, பாசி படிந்த பட்டையின் நிறத்திலேயே ஒட்டிக்கொண்டிருந்த ஒன்று, கழுத்தடியிலிருந்து மஞ்சள் நாக்குப்போல் ஒரு தோலை இரண்டு முறை நீட்டி மடக்கியது. அப்போதுதான் அங்கே ஓர் உயிர் இருப்பதே தெரிந்தது. அடுத்த நொடி தலைகீழாகப் பாய்ந்தது. பாய்ந்த வேகத்தில் இடுப்பின் இரு புறமும் தோல் விசிறிபோல் விரிந்தது. சத்தமே இல்லாமல் அடுத்த வரிசைப் பாக்கு மரத்தில் போய் ஒட்டிக்கொண்டு, சிறகை மடித்து, மறுபடியும் பட்டையாகிவிட்டது. பறக்கும் ஓணான் என்று நாம் சொல்லும் இதன் பேரினப் பெயர் டிராகோ. 1758இல் லின்னேயஸ் வைத்த பெயர். மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் வாழும் இனம் டிராகோ துசுமியேரி.

இதற்கு நான்கு கால்களும் முழுமையாக இருக்கின்றன. சிறகோ காலிலிருந்து உண்டாகவில்லை. நீண்டு வளர்ந்த விலா எலும்புகளுக்கு இடையே கட்டிய தோல் அது. சிறகடித்து மேலெழ அதனால் முடியாது, மிதந்து இறங்க மட்டுமே முடியும். இருந்தாலும் நான்கு கால்களோடு தனிச் சிறகும் கொண்ட ஊர்வன ஒன்று உயிரோடு இருக்கிறது என்பது என்னை இன்றும் வியக்க வைக்கிறது. ஆகவே நான்கு கால் டிராகன் அறவே முடியாதது என்று நான் சொல்ல மாட்டேன்.

செந்தாழை

பழுப்பேடு ஐயாவின் விளக்கத்தை மூன்று முறை படித்தேன். நான் பல ஆண்டுகளாக உறுதியாகச் சொல்லிவந்தது சின்னவியலின் விதி மட்டுமே என்று இப்போது புரிகிறது. இருந்தாலும் ஓர் ஐயம். கால் எண்ணிக்கை பிற்கால விதி என்றால், வைவர்ன் என்ற பெயர் மட்டும் எங்கிருந்து வந்தது? டிராகனுக்கு மாற்றுப் பெயராகவே பிறந்ததா, அல்லது அதற்கு வேறொரு வாழ்க்கை இருந்ததா?

நெய்தலூரான்

அந்த வேறொரு வாழ்க்கையைப் பற்றி நான் கொஞ்சம் சொல்ல முடியும். பிரான்சின் கிழக்கே, சுவிட்சர்லாந்தை ஒட்டியுள்ள ஃபிரான்ஷ் கோந்தே பகுதியில் பல ஆண்டுகள் வேலை பார்த்தேன். ஜூரா மலையும் சுண்ணாம்புக் குகைகளும், பாறைக்குள்ளிருந்து திடீரென்று பெருகி வரும் ஊற்றுகளுமாக இருக்கும் நாடு அது. அங்கே வைவர்னின் உடன்பிறந்த சொல் இன்னும் உயிரோடு இருக்கிறது: 'வுவீவ்ர்'. பிரெஞ்சில் அது பெண்பால். இங்கிலாந்தின் வைவர்ன் கேடயத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டது என்றால், வுவீவ்ர் ஊற்றங்கரையிலேயே தங்கிவிட்டது.

அது சிறகுள்ள பாம்பு. இரவில் பாழடைந்த கோட்டையிலிருந்து கிளம்பி, தீப்பந்துபோல் ஒளிவிட்டுக்கொண்டு பள்ளத்தாக்கின் குறுக்கே பறந்து நீர்நிலைக்கு வரும். அந்த ஒளிக்குக் காரணம் அதன் நெற்றியில் பதிந்துள்ள மாணிக்கம். சில ஊர்களில் அதுவே அதன் ஒற்றைக் கண் என்றும் சொல்வார்கள். நீர் குடிக்கும்போதும் நீராடும்போதும் மாணிக்கத்தைக் கழற்றிக் கரையில் வைத்துவிடும். அந்தப் பொழுதில் அதற்குக் கண் தெரியாது. அப்போது மாணிக்கத்தைக் கவர்ந்தவன் பெருஞ்செல்வன் ஆவான். ஆனால் கவர்ந்தவன் உயிரோடு திரும்புவது அரிது. ஒரு கதையில் துணிச்சல்காரன் ஒருவன், வெளிப்புறம் முழுவதும் ஆணிகள் அறைந்த மரத்தொட்டி ஒன்றைக் கொண்டுபோய், கல்லை எடுத்தவுடன் அதைத் தன்மேல் கவிழ்த்துக்கொள்கிறான். பாம்பு வெறிகொண்டு தொட்டியைச் சுற்றி இறுக்கி, ஆணிகளில் குத்துண்டு மடிகிறது.

இந்தக் கதையை அங்கே முதன்முதலாகக் கேட்ட இரவில் எனக்கு உறக்கம் வரவில்லை. காரணத்தை உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. நாகம் மாணிக்கத்தைக் கக்கி வைத்துவிட்டு அதன் வெளிச்சத்தில் இரை தேடும், அந்த நேரம் பார்த்து மணியின்மேல் சாணத்தைப் போட்டு மூடிவிட வேண்டும் என்று என் அப்பாயி சொன்ன கதை அது. பாம்பு உமிழும் மணி சங்கப் பாடல்களிலேயே வருகிறது. ஒன்றிலிருந்து மற்றொன்று போயிற்று என்று நான் சொல்ல வரவில்லை. அதற்கான சான்று என்னிடம் இல்லை. ஆனால் வுவீவ்ர் யார் என்று ஒரு தமிழ்ப் பிள்ளைக்குச் சொல்ல 'டிராகன்' என்ற சொல் சிறிதும் உதவாது என்பதை மட்டும் அன்றே உணர்ந்தேன். டிராகன் என்றவுடன் அந்தப் பிள்ளை நெருப்பையும் கோட்டையையும் பொற்குவியலையும் நினைக்கும். 'மாணிக்கப் பாம்பு' என்று சொன்னால் பாதிக் கதையைத் தானே சொல்லிவிடும்.

கூழாங்கல்

நெய்தலூரான் அண்ணா, மிக்க நன்றி. மோர்டிஃபோர்டு கதையிலும் ஆறுதான் நடுவில் இருக்கிறது என்பதை நீங்கள் எழுதியதைப் படித்த பிறகே கவனித்தேன். அதுவும் நீர் குடிக்க வரும் இடத்தில்தான் கொல்லப்படுகிறது. காட்டிலிருந்து ஆற்றுக்கு அது போய்வந்த தடத்தைப் பாம்புச் சந்து என்ற பொருளிலேயே ஊரார் அழைத்திருக்கிறார்கள்; டிராகன் சந்து என்று அழைக்கவில்லை. அப்படியானால் இந்த உயிர் அடிப்படையில் பாம்புதானா?

பழுப்பேடு

ஆம், அம்மா. சொல்லின் வேரைத் தோண்டினால் கிடைப்பது பாம்புதான், அதிலும் குறிப்பிட்ட ஒரு பாம்பு. இலத்தீனில் 'வைப்பெரா', அதாவது ஆங்கிலத்தில் வைப்பர் எனப்படும் நச்சுப்பாம்பு. அது பழைய பிரெஞ்சில் 'விவ்ர்', 'கிவ்ர்' என்று தேய்ந்தது. நார்மானியர்களோடு கடலைக் கடந்து ஆங்கிலத்தில் 'வைவர்' ஆயிற்று. கடைசியில் ஒட்டிக்கொண்ட 'ன்' பிற்காலத்தது. ஏறத்தாழ 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அது எழுத்தில் நிலைபெறுகிறது. 'ன்' ஒட்டுவதற்கு முன் அந்தச் சொல் எதைக் குறித்தது என்பதற்கு ஆங்கிலக் கவிஞர் சாசரின் சான்று இருக்கிறது. 1380களில் அவர் எழுதிய திராய்லஸ் காவியத்தில், பொறாமை என்ற பொல்லாத 'வைவர்' காரணமே இல்லாமல் உன் உள்ளத்தில் ஊர்ந்து புகுந்துவிட்டதே என்று காதலி வருந்துகிறாள். 'ஊர்ந்து' என்ற அந்த வினையைப் பாருங்கள். பறந்து வரவில்லை, நடந்து வரவில்லை, ஊர்ந்து வந்தது. அவருக்கு வைவர் என்றால் நச்சுப்பாம்பு.

பிரெஞ்சுச் சின்னவியலில் 'கிவ்ர்' என்ற சொல் இன்றும் கால், சிறகு எதுவும் இல்லாத பாம்பையே குறிக்கிறது. மிலான் நகரை ஆண்ட விஸ்கோந்தி குடும்பத்தின் சின்னமாகிய, மனித உருவை வாயில் கவ்விய நெளிபாம்பு அந்தப் பெயருக்கு உரியது. ஆல்ஃபா ரோமியோ காரின் சின்னத்தில் வலப்பாதியில் நெளிவதும் அதுதான். ஆகவே ஒரே வேர்ச்சொல் இத்தாலியில் பிறந்த சின்னத்தில் வெறும் பாம்பாகவும், ஜூரா மலையில் மாணிக்கம் தாங்கிய பறக்கும் பாம்பாகவும், இங்கிலாந்தில் இரண்டு கால் பெற்ற உயிராகவும் வாழ்கிறது. பெயர் ஒரு வழியில் போயிருக்கிறது, உடல் வேறொரு வழியில் வந்திருக்கிறது. 16ஆம் நூற்றாண்டையொட்டி ஆங்கிலச் சின்னவியலார் மேசையில் இரண்டும் சந்தித்துக்கொண்டன.

சிறகு மட்டும் எப்படி வந்தது என்று கேட்கலாம். நச்சுப்பாம்புக்குச் சிறகு தருவது மிகப் பழைய எண்ணம். கி.மு. 5ஆம் நூற்றாண்டில் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ், அரபு நாட்டில் குந்துருக்க மரங்களைச் சிறகுள்ள பாம்புகள் காவல் காப்பதாகவும், பிசின் எடுப்பவர்கள் புகை போட்டு அவற்றை விரட்டுவதாகவும் எழுதுகிறார். அவற்றின் எலும்புகள் குவிந்து கிடந்த இடத்தை நேரில் போய்ப் பார்த்ததாகவும் சொல்கிறார். அவர் தரும் நுட்பமான ஒரு குறிப்பு என்னை மிகவும் கவர்ந்தது: அவற்றின் சிறகில் இறகு கிடையாது, அது வௌவாலின் சிறகைப் போன்றது என்கிறார். இன்று நாம் வரையும் வைவர்னின் சிறகும் அதுதான். அந்தப் பகுதியிலேயே வைப்பர் பாம்பையும் சேர்த்துப் பேசி, இரண்டின் குட்டிகளும் தாயின் வயிற்றைத் தின்றுகொண்டே வெளிவருகின்றன என்று எழுதுகிறார். பாம்பு முதலில் சிறகு பெற்றது; கால்கள் பிறகு வந்தன.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். வைப்பருக்குத் தமிழில் நமக்குச் சொல் இருக்கிறது: விரியன். 'விரியன் பாம்புக் குட்டிகளே' என்று தமிழ் விவிலியத்தில் வருவதை அறிவீர்கள். வெளிப்படுத்தல் நூலில் வரும் டிராகனைப் பழைய மொழிபெயர்ப்பு 'வலுசர்ப்பம்' என்றது, பிற்கால மொழிபெயர்ப்பு ஒன்று 'அரக்கப் பாம்பு' என்றது. நம் முன்னோர்கள் ஒலியை அப்படியே எடுத்து எழுதாமல், பாம்பு என்ற பொருளைப் பிடித்துக்கொண்டே பெயர் வைத்திருக்கிறார்கள். அந்த வழியில் 'சிறகுவிரியன்' என்பதை முன்மொழிகிறேன்.

மலைத்தேன்

சிறகுவிரியன் என்ற சொல்லைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டேன். இரண்டு செய்திகளை மட்டும் சேர்க்கிறேன். 'வைப்பெரா' என்ற இலத்தீன் சொல்லுக்கு உயிருள்ள குட்டியை ஈனுவது என்ற பொருள் கூறப்படுகிறது. நம் கண்ணாடி விரியனும் முட்டையிடாமல் குட்டிகளை ஈனும் பாம்பே. ஆகவே பெயர்ப் பொருத்தம் உயிரியலிலும் நிற்கிறது. ஆனால் கட்டுவிரியன் பெயரளவில் மட்டுமே விரியன். அது நாகப்பாம்பின் குடும்பத்தைச் சேர்ந்தது, முட்டையிடுவது. பிள்ளைகளுக்கான அடிக்குறிப்பில் எடுத்துக்காட்டுத் தர நினைத்தால் கண்ணாடி விரியனைத் தாருங்கள். 'வைவர்', 'விரியன்' என்ற ஒலி ஒற்றுமையை வைத்து யாரும் வேர்ச்சொல் உறவு கற்பித்துவிடக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

செந்தாழை

கால்களைப் பற்றி நான் தொடங்கிய வாதத்தை நானே முடித்துவைக்க விரும்புகிறேன். நேற்று முழுவதும் ஆங்கிலேய நகரச் சின்னங்களைத் தேடிப் பார்த்துக்கொண்டிருந்தேன். லெஸ்டர் நகரின் கேடயத்துக்கு மேலே வரும் முடிச்சின்னத்தில் உள்ள வைவர்னுக்குக் கால்களே இல்லை. வெள்ளி உடலெங்கும் சிவந்த காயங்கள், விரிந்த சிறகுகள், கீழே சுருண்ட வால். சின்னவியல் குறிப்பிலேயே 'காலில்லா வைவர்ன்' என்று எழுதியிருக்கிறார்கள். 1844இல் மூன்று நிறுவனங்கள் இணைந்து உருவான மிட்லண்டு இரயில்வே, டெர்பியைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கியது. அதன் சின்னத்தின் உச்சியில் இருந்ததும் காலில்லாத அதே வைவர்ன். பழைய மெர்சியா அரசின் கொடியில் இருந்தது அதுவே என்று அந்த நிறுவனத்தார் நம்பினார்கள். 1923இல் அது வேறொரு பெரிய நிறுவனத்தோடு இணையும் வரை இரயில் பெட்டிகளிலும் நிலையச் சுவர்களிலும் அந்த உயிர் பயணம் செய்துகொண்டிருந்தது.

கால் எண்ணிக்கையே வைவர்னின் இலக்கணம் என்றால், சின்னவியலாரே காலில்லாத ஒன்றை வைவர்ன் என்று எழுதியிருக்க முடியாது. காலை எடுத்த பிறகும் அது வைவர்னாகவே இருந்திருக்கிறது. சிறகையும் பாம்பு வாலையும் எடுத்திருந்தால் இருந்திருக்காது. லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் இத்தாலிய ஓவியர் உச்செல்லோ ஏறத்தாழ 1470இல் தீட்டிய, புனித ஜார்ஜ் டிராகனைக் குத்தும் ஓவியம் இருக்கிறது. அதையும் பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டே கால்கள், சிறகில் வண்ணத்துப்பூச்சிக்கு உள்ளதுபோல் வட்ட வட்டக் குறிகள். இளவரசி அதன் கழுத்தில் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு, வளர்ப்பு நாயை நடத்திச் செல்பவள்போல் அமைதியாக நிற்கிறாள். ஈட்டி முனை பாய்ந்த இடத்திலிருந்து குருதி சொட்டுகிறது. இந்த ஓவியத்தைப் பார்த்து 'இது டிராகன் அல்ல' என்று உச்செல்லோவிடம் போய் நான் சொல்ல முடியுமா? மாட் என்ற அந்தச் சிறுமியின் கதைதான் நினைவுக்கு வந்தது.

நெய்தலூரான்

செந்தாழையின் கடைசி வரியில் ஒரு நுட்பம் இருக்கிறது. புனித ஜார்ஜ் கதைகளில் டிராகன் எங்கிருந்தோ வந்த பகை. மோர்டிஃபோர்டில் அது வீட்டுப் பிள்ளை பால் வார்த்து வளர்த்தது. டிராகன் என்று எழுதினால் வாசிக்கும் பிள்ளை முதல் பக்கத்திலேயே முடிவைத் தெரிந்துகொண்டுவிடும். வீரன் வருவான், கொல்வான் என்று காத்திருக்கும். பாம்புக்குப் பால் வார்ப்பது என்றாலோ நம் பிள்ளைகளுக்கு அச்சமும் பரிவும் சேர்ந்தே வரும். பாம்புக்குப் பால் வார்த்து வளர்த்தது போல என்பது நாம் அன்றாடம் சொல்லும் பேச்சு அல்லவா? ஆங்கில மூலத்தில் இல்லாத ஒரு நிழல் தமிழில் கூடுதலாக விழும். அது கதைக்கு ஊறு செய்யாது என்றே நினைக்கிறேன். ஆனால் மாட் நன்றி கெட்ட ஒன்றை வளர்த்தாள் என்ற பொருள் வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது அவளுக்கு மட்டும் கடைசி வரை ஒரு தீங்கும் செய்யவில்லை.

கூழாங்கல்

அனைவருக்கும் என் உளமார்ந்த நன்றி. என் மனம் ஏன் ஒப்பவில்லை என்பது இப்போது எனக்கே தெளிவாகிவிட்டது. சரிபார்த்தவருக்கு நேற்று இரவு விரிவாக எழுதினேன். அவரும் பொறுமையாகப் படித்துவிட்டு, 'சிறகுவிரியன்' என்பதை ஏற்றுக்கொண்டிருக்கிறார்; முதல் முறை வரும் இடத்தில் 'ஆங்கிலேயர் இதை வைவர்ன் என்பர்' என்று ஓர் அடிக்குறிப்பு வர வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். நெய்தலூரான் அண்ணாவின் எச்சரிக்கையை மனத்தில் கொண்டு, 'பாம்புக்குப் பால் வார்த்து' என்ற தொடரை எங்கும் பயன்படுத்தவில்லை.

தொடக்கப் பத்தியை இப்படித் திருத்தியிருக்கிறேன்:

'புல்லுக்கு நடுவே அது சுருண்டு கிடந்தது. வெள்ளரிப் பிஞ்சு என்று நினைத்துத்தான் மாட் குனிந்தாள். பிஞ்சு கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தது. முதுகில் ஈரம் காயாத இரண்டு சிறகுகள், நனைந்த இலைபோல் உடலோடு ஒட்டியிருந்தன. பிறந்து ஒரு நாள்கூட ஆகாத சிறகுவிரியன் அது. மாட் தன் கம்பளித் துண்டை அவிழ்த்து அதைச் சுற்றினாள். சிறு கால்கள் இரண்டும் அவள் விரலைப் பற்றிக்கொண்டன.'

பிழை இருந்தால் சொல்லுங்கள்.

மலைத்தேன்

மிக நன்றாக இருக்கிறது. ஓர் இடம் மட்டும்: 'முதுகில்' என்பதை 'தோளில்' என்று மாற்றிவிடுங்கள். அதற்கு முன்னங்கால்கள்தான் சிறகு. முதுகிலிருந்து முளைத்தால் அது வேறு உயிராகிவிடும்.

கூழாங்கல்

மாற்றிவிட்டேன்.